கோலா சிப்புட் நடவுப் பதிவேடு

பினாங்கு
11.1.1987, ஞாயிறு

அன்புள்ள தங்கை ஞானாம்பிகைக்கு,

இக்கடிதத்தில் உள்ளவை:
1. நீ அனுப்பிய விதை மூட்டைகள்.
2. நடவு வேலை.
3. எனக்குள்ள ஒரு சந்தேகம்.
4. உன் கண்.

நான்காவதை முதலில் எடுத்துக்கொள்கிறேன். கண் மங்குகிறது என்று போன கடிதத்தில் ஒரு வரிதான் எழுதியிருந்தாய். டாக்டரிடம் காட்டினாயா? பிள்ளையார் துணையால் எனக்கு முழங்காலைத் தவிர வேறு தொந்தரவு இல்லை.

மூட்டை இரண்டும் தைப்பிங் பஸ்ஸில் பழுதில்லாமல் வந்தன. எண்ணினேன், 612. ஒன்பது அழுகல். காட்டிலாகா ஜெயராஜுக்கு என் நன்றியைச் சொல்.

நீ கேட்டதால் முழு விவரமும் எழுதுகிறேன். கோலா சிப்புட், பாலிக் புலாவுக்கு அப்பால் உள்ள மீனவக் கம்பம், சிறிய ஊர். நான் துறைமுகத்தில் கணக்கெழுதும் கிராணியாக இருந்தபோது தொங்காங் படகில் சரக்கு ஏற்றிய அப்துல் அஜீஸ் இப்போது அங்கே மீனவர் தலைவர். அந்தக் கரையில் நின்ற பாக்காவ் மரங்களை, அதாவது சேற்றில் கால் பரப்பி நிற்கும் அலையாத்தியை, கரிக்காக வெட்டித் தீர்த்துவிட்டார்கள். மரம் போன பின் நண்டும் இறால் குஞ்சும் போயின; அலை வீட்டுப் படியைத் தொடுகிறது. இப்போது இறால் குளம் போடும் ஒரு கம்பெனி அந்தக் கரையைக் கேட்கிறது. மாவட்ட அலுவலகம் கம்பத்துக்கு ஒரு தவணை கொடுத்திருக்கிறது: இந்த ஆண்டு முடிவில் ஆயிரம் செடி உயிரோடு நிற்க வேண்டும். நின்றால் கரை கம்பத்துக்கு, இல்லாவிட்டால் கம்பெனிக்கு. மாதந்தோறும் எண்ணி ஆங்கிலத்தில் பதிவேடு அனுப்பத்தான் அஜீஸ் என்னைத் தேடி வந்தார்.

நடும் முறையைப் பத்து அம்சமாக எழுதி அஜீஸின் மனைவி ஹபீபா பீவி நடத்தும் பலகாரக் கடைச் சுவரில் ஒட்டினேன். பார்வையிட வந்த அதிகாரி அதைப் படித்து, இதுவே முறை என்று எல்லோர் முன்னும் சொன்னார். பிரதி உனக்கு வேண்டியதில்லை. காட்டிலாகாக்காரர் மனைவியாக இருந்தவளுக்குத் தெரியாததா?

இனி மூன்றாவது. நான் கடைக்குள் நுழைந்தால் பெண்கள் பேச்சை நிறுத்துகிறார்கள். ஒருவேளை என் கற்பனையாக இருக்கலாம். ஆனால் மூன்று சனிக்கிழமையும் நிறுத்தினார்கள்.

உன் சுகத்தைப் பற்றி எழுது.

அன்பு அண்ணன்,
விநாசித்தம்பி

*

தைப்பிங்
25.1.1987

அன்புள்ள அண்ணாவுக்கு,

வணக்கம். நான் நலம். அண்ணி இல்லாத வீட்டில் நேரத்துக்குச் சாப்பிடுகிறீர்களா என்பதுதான் என் கவலை.

பெண்கள் பேச்சை நிறுத்துகிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். எழுபத்தொரு வயதுக் கிராணி பதிவேட்டோடு நுழைந்தால் நானும் நிறுத்துவேன். பால்காரன் தண்ணீர் கலக்கிறான் என்று பதினொரு வருடம் சந்தேகப்பட்டீர்கள். கடைசியில் அண்ணியே கலந்தார், உங்கள் வயிற்றுக்காக. அதை மறக்க வேண்டாம்.

ஜெயராஜ் இன்னும் நானூறு விதை தருவதாகச் சொன்னார். அடுத்த வாரம் பஸ்ஸில் போடுகிறேன். கண்ணைப் பற்றிப் பிறகு.

தங்கை,
ஞானம்

*

பினாங்கு
22.2.1987

அன்புள்ள ஞானத்துக்கு,

இறைவன் அருளால் சுகமாயிருக்கிறேன். கண்ணைப் பற்றி "பிறகு" என்றாய். பிறகு வந்துவிட்டது, எழுது.

பால்காரன் விஷயத்தில் நான் தவறியது உண்மை. அதனால் இம்முறை அனுமானத்தை விட்டுச் சோதனை செய்தேன்.

பிப்ரவரி 7, சனிக்கிழமை. நீ அனுப்பிய நானூறில், பத்துக்கு ஒன்றாக, நாற்பது விதைகளின் மேல்முனையில் வெள்ளைப் பெயிண்ட் பூசி எடுத்துப் போனேன். கடல் தண்ணீர் வற்றியதும் பதினான்கு பெண்கள் என் கண்ணெதிரே நட்டார்கள். நான் வரப்பில் நின்று நாற்பது வெள்ளையையும் எண்ணினேன். பிறகு பஸ்ஸுக்கு நடந்தேன்.

பிப்ரவரி 21. மறுபடி எண்ணினேன். நட்டது நானூறு, நின்றது நானூறு. வெள்ளை ஒன்றுகூட இல்லை.

இதை நன்றாக யோசித்துப் பார். வழிப்போக்கன் திருடினால் எண்ணிக்கை குறையும். எடுத்த இடத்தில் வேறொன்றைக் குத்தி வைத்து எண்ணிக்கையைச் சரியாக வைப்பவன் பதிவேட்டை அறிந்தவன். நல்ல விதையை எடுத்துவிட்டுச் சொத்தையை வைத்தால் செடி மெல்லச் சாகும், யார் மீதும் பழி வராது, டிசம்பரில் கரை கம்பெனிக்குப் போகும்.

இன்னும் ஒன்று. அன்று அஜீஸ் வீட்டு வாசலில் ஒரு நீலக் கார் நின்றது. யாருடையது என்று டீ குடித்துக்கொண்டிருந்தவரைக் கேட்டேன். இறால் கம்பெனி ஆள் என்றார்.

உன் அண்ணன்,
விநாசித்தம்பி

*

தைப்பிங்
4.3.1987

அன்புள்ள அண்ணாவுக்கு,

நலம், நலமறிய ஆவல். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளவும்.

கடல் தண்ணீர் பெயிண்டைக் கழுவியிருக்கலாம். இல்லாவிட்டால் அஜீஸையே கேளுங்கள். "வெள்ளை பூசிய விதை எங்கே?" ஒரே கேள்வி. வாயைத் திறந்து கேட்க வேண்டும். பதிவேட்டில் குறித்துவைப்பது கேட்டதாகாது.

ஞானம்

*

பினாங்கு
29.3.1987

அன்புள்ள ஞானத்துக்கு,

உன் எழுத்து கோணலாகத்தான் இருந்தது. என்ன விஷயம் என்று சொல்லாமல் விடுகிறாய். எனக்குச் சளி, வேறொன்றுமில்லை.

பெயிண்ட் கழுவப்படவில்லை. அது படகுக்குப் பூசும் எனாமல். இரண்டு விதையைப் பூசி உப்புத் தண்ணீர் வாளியில் பதினைந்து நாள் ஊறவைத்துப் பார்த்தேன், அப்படியே இருக்கிறது.

கேட்கவும் கேட்டேன். போன புதன்கிழமை ஹபீபா பீவியின் கடையில் நடந்ததை உள்ளபடி எழுதுகிறேன்.

"அஜீஸ், அந்த வெள்ளை பூசின விதையெல்லாம் எங்க போச்சு?"

"எங்க போவுது அண்ணே? அங்கதான் இருக்கு."

"கண்ணில படவில்லையே."

அவர் மனைவியைப் பார்த்தார். அந்த அம்மா எண்ணெய்ச் சட்டியிலிருந்து தலையைத் தூக்காமலே, "கிராணி அண்ணே, மூக்குக்கண்ணாடிய மாத்துங்கலா" என்றார். பின்னால் இருந்த பெண்கள் எல்லோரும் சிரித்தார்கள். ஒருத்தி மலாயில் ஏதோ சொன்னாள். அதற்கு இன்னும் பெரிய சிரிப்பு. எனக்கு முன்னால் ஒரு தட்டு பீசாங் கோரேங் வந்தது.

"சாப்பிடுங்கண்ணே. வாழைப்பழம் ஆறிட்டா நல்லா இருக்காது."

கேள்விக்குப் பதில் இல்லை, தட்டு மட்டும் வந்தது. நடவு நாள் இல்லாத அன்றும் அந்த அம்மாவின் முழங்கை வரை சேறு காய்ந்திருந்ததைக் கவனித்தேன். இத்தனை பேரும் சேர்ந்து ஒரு கிழவனை ஏமாற்றுவதாகத்தான் நினைக்க வேண்டியிருக்கிறது. நான் அப்படி நினைக்கலாமா என்றும் தெரியவில்லை. மூன்று இரவு யோசித்தேன்.

செய்ய வேண்டியதைச் செய்துவிட்டேன். அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

விநாசித்தம்பி

*

பினாங்கு
19.4.1987

அன்புள்ள ஞானத்துக்கு,

மூன்று வாரமாகப் பதில் இல்லை. சுகவீனமா? அல்லது என்மேல் கோபமா?

கோலா சிப்புட்டில் நிலைமை மாறிவிட்டது. மாவட்ட அலுவலகத்திலிருந்து ஒருவர் விசாரணைக்கு வந்து பதிவேட்டை எடுத்துக்கொண்டு போனார். நடவை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். யாரோ புகார் எழுதினார்கள் என்று பேச்சு. அஜீஸை இரண்டு முறை அலுவலகத்துக்கு அழைத்தார்கள். இரண்டு நாளும் அவர் கடலுக்குப் போகவில்லை. நீ மார்ச்சில் கடைசியாக அனுப்பிய மூட்டை கடைப் பின்புறம் காய்ந்துகொண்டிருக்கிறது.

ஒன்று கேட்கிறேன், வித்தியாசமாக எடுக்காதே. நான் உனக்கு எழுதிய விவரங்களை ஜெயராஜிடமோ வேறு யாரிடமோ சொன்னாயா?

விநாசித்தம்பி

*

தைப்பிங்
10.5.1987

மதிப்புக்குரிய ஐயாவுக்கு,

டீச்சர் ஞானாம்பிகை அம்மா சொல்லச் சொல்ல எழுதுவது பக்கத்து வீட்டுத் தனலெட்சுமி. அம்மாவுக்கு ஏப்ரலில் இரண்டு கண்ணிலும் ஆப்பரேஷன் ஆனது. பயப்பட வேண்டாம், கட்டு இன்னும் சில நாளில் அவிழ்ப்பார்கள். இனி அம்மா சொல்வது:

அண்ணா, நான் யாரிடமும் சொல்லவில்லை. நீங்கள் அப்படிக் கேட்டதை தனலெட்சுமி வாசிக்க, நான் கேட்டுக்கொண்டிருந்தேன். போகட்டும்.

ஜெயராஜ் என்னைப் பார்க்க ஆஸ்பத்திரிக்கு வந்தார். பொழுது போகட்டும் என்று உங்கள் நடவைப் பற்றிப் பேசினோம். புது ஆட்களை விட்டால் பாதியைத் தலைகீழாக நட்டுவிடுவார்கள் என்று சிரித்தார். ஆணி போல மெல்லியதாக இருக்கிறதே, அதுதான் குருத்தாம், வானத்தைப் பார்க்க வேண்டியதாம். தடித்த முனைதான் சேற்றுக்குள் போகிற வேர்ப்பக்கம். "மேல்முனையில் வெள்ளை பூசினேன்" என்று எழுதியிருந்தீர்கள். உங்கள் மேல்முனை எது? தடித்ததா, மெல்லியதா?

இன்னொன்றும் கேட்க வேண்டும். அதை என் கையால் எழுதுகிறேன், இப்போது வேண்டாம்.

*

பினாங்கு
24.5.1987

அன்புள்ள ஞானத்துக்கு,

உன் கண் அறுவையை எனக்குச் சொல்லாமல் விட்டது நியாயமில்லை. சொல்லியிருந்தால் வந்திருப்பேனா என்று என்னையே கேட்டேன். வந்திருப்பேன் என்று நினைக்கிறேன். கட்டு அவிழ்த்தாயிற்றா? தனலெட்சுமிக்கு என் ஆசிகள்.

உன் கேள்விக்குப் பதில்: தடித்தது.

நடும் முறை, மூன்றாம் அம்சம், என் வாசகப்படி: "மெல்லிய முனையைச் சேற்றுக்குள் இறக்குக." ஆணி அப்படித்தான் இறங்கும் என்று நினைத்தேன். யாரையும் கேட்கவில்லை.

நேற்று போனேன். நோன்பு மாதம், கடை மூடியிருந்தது. தண்ணீர் வற்றியிருந்தது. வரப்பிலிருந்து முதல் முறையாக இறங்கினேன். முழங்கால் வரை புதைந்தது. பிப்ரவரி வரிசையில் வெள்ளை நின்ற இடத்திலிருந்த ஒரு செடியைப் பிடுங்கினேன். மேலே இரண்டு இலை. சேற்றைக் கழுவினேன். வெள்ளைப் பெயிண்ட் அடியில் இருந்தது, அதைச் சுற்றி வேர் விட்டிருந்தது. இரண்டாவதாக ஒன்றைப் பிடுங்க எனக்குக் கை வரவில்லை.

"பாத்துட்டீங்களா?" என்று பின்னாலிருந்து குரல் கேட்டது. ஹபீபா பீவி.

"எப்ப இருந்து தெரியும்?" என்றேன்.

"மொத நாளே தெரியும். ஆபீசர் வந்து உங்க பேப்பரப் பாத்து, இதுதான் மொறைன்னு ஊர் முன்னாடி சொல்லிட்டுப் போனாரு. அப்புறம் அந்தப் பேப்பர் தப்புன்னு நாங்க எப்பிடிச் சொல்றது? மலாய்க்காரங்க ஆயர் மூக்கான்னு சொல்லுவாங்க, மொகத்துத் தண்ணி, மானம்தான். அத ஊத்திட்டா அள்ள முடியாதுலா. நீங்க இருக்கையில உங்க பேப்பர்ப்படி நட்டோம். நீங்க பஸ் ஏறுனதும் சேத்துல இறங்கித் திருப்பி நட்டோம்."

"நானூறையுமா?"

"பொம்பளைங்க பதினாலு பேரு. பேசிக்கிட்டே நட்டா ஆயிரும். என்ன பேசுனோம்னு மட்டும் கேக்காதீங்க."

அவர் சிரித்தார். என்னால் முடியவில்லை.

திரும்பும்போது அஜீஸ் வழியில் நின்றார். நோன்பினால் உதடு காய்ந்திருந்தது. கையில் ஒரு தாளின் நகல். "எவனோ மொட்டக் கடுதாசி போட்டிருக்கான் அண்ணே. ஏழு பாயிண்டு. ஜூன் முப்பதுக்குள்ள பதில் போவலன்னா தவணை கேன்சலாம். உங்கள விட்டா யாரு எழுதுறது?" தன் வீட்டு வாசல் மேசை முன் என்னை உட்கார வைத்து எதிரில் உட்கார்ந்தார். ஆங்கிலம் பிழையில்லாமல், முறையாக டைப் அடிக்கப்பட்டிருந்தது. முதல் நான்கு அம்சங்களுக்கு மறுப்பு எழுதினேன். ஐந்தாவது, தலைவர் கம்பெனியிடம் விலைபோய்விட்டார் என்பது. பஸ் போய்விடும் என்று சொல்லி எழுந்துவிட்டேன்.

விநாசித்தம்பி

*

தைப்பிங்
10.6.1987

அன்புள்ள அண்ணாவுக்கு,

இது என் கை. கண் நன்றாகத் தெரிகிறது. இனித் தனலெட்சுமிக்குத் தெரியக்கூடாததையும் எழுதலாம்.

ஒரு மொட்டைக் கடிதத்தைக் கையில் வாங்கி அதன் ஆங்கிலத்தைப் பாராட்டிய மனிதரை நான் இதுவரை கேள்விப்பட்டதில்லை. அதைப் போட்டது நீங்கள். "செய்ய வேண்டியதைச் செய்துவிட்டேன்" என்று எழுதினீர்களே, அன்றே எனக்குச் சந்தேகம் வந்தது. நீங்கள் எதைச் செய்தாலும் மூன்று பக்கம் எழுதுகிறவர். எழுத ஒன்றுமில்லை என்றால் அது எழுதக்கூடாதது.

உங்கள் பிழையை ஒரு ஊரே நான்கு மாதம் மூடி வைத்தது. அவர்கள் செய்யாத பிழையை நீங்கள் பேரில்லாமல் எழுதி அனுப்பினீர்கள். நோன்பு பிடித்த மனிதர் எதிரில் உட்கார்ந்திருக்க, உங்களுக்குப் பஸ் நினைவு வந்தது.

ஜூன் முப்பதுக்குள் அலுவலகத்துக்கு உங்கள் பேரைப் போட்டு எழுதுங்கள். அந்த மக்களிடமும் வாயால் சொல்லுங்கள். அதைச் செய்யும்வரை எனக்கு எழுத வேண்டாம். உங்களுக்குப் பயம் என்று தெரியும். பயந்துகொண்டே செய்யுங்கள்.

ஞானாம்பிகை

*

பினாங்கு
12.7.1987, ஞாயிறு

அன்புள்ள தங்கை ஞானாம்பிகைக்கு,

எழுத எனக்கு உரிமை வந்துவிட்டதாக நினைத்து எழுதுகிறேன். சளி போய்விட்டது. உன் கண் தெளிவாக இருப்பது எனக்குப் பெரிய ஆறுதல்.

1. நான் செய்தது.
2. அலுவலகத்தின் முடிவு.
3. என் நிலை.

முதலாவது. ஜூன் 20 அன்று போனேன். பஸ்ஸில் இரண்டு முறை இறங்கிவிட எழுந்தேன். கடையில் எல்லோரும் இருந்தார்கள். அலுவலகத்துக்கு எழுதியிருந்த கடிதத்தை எடுத்துத் தமிழில் வாசித்தேன்: புகார் எழுதியவன் நான், விதைகளைப் பிடுங்கியது உண்மை, கெடுப்பதற்காகப் பிடுங்கவில்லை, என் முறையிலிருந்த பிழையைத் திருத்தவே பிடுங்கினார்கள், இப்படிக்கு, பெயர், முகவரி. ஒரு வரியை இரண்டு தரம் வாசித்தேன்.

அஜீஸ் கடிதத்தை வாங்கிப் பார்த்தார். பிறகு, "தெரியும் அண்ணே" என்றார்.

"எப்படி?"

"இந்தக் கரையில நம்பர் போட்டுக் கோவப்படுற ஆளு வேற யாரு இருக்கா?"

யாரும் சிரிக்கவில்லை.

"தெரிஞ்சுதான் அன்னிக்கு உங்க கையில குடுத்தேன். நீங்களே சொல்லிருவீங்கன்னு பாத்தேன். பஸ் போயிரும்னீங்க." கடிதத்தைத் திருப்பித் தந்தபடி, "அந்தக் கம்பெனிக்காரன் வீடு தேடி வந்தான், காப்பி குடுத்தேன். வந்தவனுக்குக் காப்பி குடுக்காம அனுப்பச் சொல்றீங்களா? காப்பியோட சரி. கையெழுத்துக் கேட்டான், வாசலக் காட்டினேன். ஒரு வார்த்த என்கிட்ட கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்லா" என்றார்.

விதையைப் பற்றிக் கேட்டேன். காரைப் பற்றிக் கேட்கவில்லை.

இரண்டாவது. அலுவலகம் புகாரைத் தள்ளிவிட்டது. பதிவேட்டைத் திருப்பித் தந்தது. ஆனால் தவணையை நீட்டவில்லை. என்னால் போனது மூன்று மாதம். நீ கடைசியாக அனுப்பிய மூட்டையும் காய்ந்து வீணானது. இன்று நிற்பவை 760. டிசம்பருக்குள் இன்னும் 240 வேண்டும், சாகிறவற்றுக்கு ஈடாக அதற்கு மேலும். எட்டுமா என்று சொல்ல எனக்குத் தகுதி இல்லை.

மூன்றாவது. ஹபீபா பீவி பதிவேட்டை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். இனி அவரே எழுதுவதாகச் சொன்னார். அவருக்கு மலாய் நன்றாக எழுத வரும், அலுவலகமும் அது போதும் என்றுவிட்டதாம். ஆகவே கோலா சிப்புட்டில் எனக்கு இனி வேலை இல்லை. என்னைக் கூப்பிடவும் மாட்டார்கள். அது நியாயமே.

13.7.1987, திங்கள்

உறையை ஒட்டுவதற்குள் இதைச் சேர்க்க வேண்டியதாயிற்று. இன்று காலை கதவைத் தட்டியது ஹபீபா பீவி. சௌராஸ்தா சந்தைக்கு வந்தவராம். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"மன்னிச்சிட்டோம்னு நெனைக்காதீங்க. எனக்குக் கோவம் இன்னும் போவல. அவருக்கு அதுக்கும் மேல."

"சரி" என்றேன்.

"சனிக்கெழம நடவு. தைப்பிங் தங்கச்சிகிட்டச் சொல்லி வெத அனுப்பச் சொல்லுங்க. பதிவேடு நான் எழுதிக்கிறேன், அதுக்கு நீங்க வேணாம். ரெண்டு பொம்பளைங்க பேறுகாலத்துக்குப் போயிட்டாளுங்க, ஆளு பத்தல. நட வாங்க. பழைய சிலுவார் போட்டுக்கிட்டு வாங்க, நல்லதப் போட்டு வந்து அழுவாதீங்க."

பதில் சொல்வதற்குள் படியிறங்கிப் போய்விட்டார்.

ஜெயராஜிடம் முந்நூறு விதை கேட்டு, வெள்ளிக்கிழமைக்குள் கிடைக்கும்படி பஸ்ஸில் போடு. மேலே மூன்றாவதில் எனக்கு வேலை இல்லை என்றும், கூப்பிட மாட்டார்கள் என்றும் எழுதியிருக்கிறேன். அது பிழை. திருத்தி வாசிக்கவும்.

அன்பு அண்ணன்,
விநாசித்தம்பி